மூன்று டிக்

லேப்டாப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளை ஸாதனா மூன்றாவது முறையாக அழுத்திவிட்டாள். தாளில் இருந்தது தமிழ்க் கதை, எழுத்து மலையாளம். கேமராவைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்து வாசித்துவிடலாம். ஆறு மணிக்குத்தான் வீடியோ அழைப்பு, ஐந்தரைக்கே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் ஒரு விண்ணப்பத்தால் வந்த வினை. இளைஞர் கலாசாரப் பரிமாற்றத் திட்டம், மொரீஷியஸில் ஆறு மாதம். தமிழ் மறந்துபோன குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் எழுத்துச் சொல்லித்தரும் தன்னார்வலர் வேலை. தமிழ் பேசத் தெரியுமா, வாசிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா என்று மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் டிக் சத்தியம். மற்ற இரண்டும் கை போன வேகத்தில் விழுந்தவை. மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. இப்போது டிக்கெட் வந்தாயிற்று. மிளகு கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா சிவசங்கரன் பள்ளுருத்தி வரைக்கும் தம்பட்டம் அடித்தாயிற்று. இன்று, திட்டத்தார் அனுப்பிய கதையில் ஒரு பக்கத்தை அந்தப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். பிடிபட்டால் மொரீஷியஸும் கிடையாது, தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியாது.

முந்தாநாள் காய்கறி வண்டிக்கார முப்பிடாதியிடம்தான் ஃபோனை நீட்டி அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டாள்.

"வெளிநாட்டுக்கு டீச்சராப் போற புள்ள, என்னைய எதுக்குத் தாயி வாசிக்கச் சொல்லுத?" என்று கேட்டாள் முப்பிடாதி. கேட்டுவிட்டு, தக்காளியை நிறுத்துக்கொண்டே கடகடவென்று வாசித்தும் கொடுத்தாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லை. ஸாதனா அவள் முகத்தைப் பாராமல் உள்ளே போய், பதிவைக் கேட்டு வரிவரியாக மலையாள எழுத்தில் எழுதினாள்.

அம்மா கமலாக்ஷி சாயா கொண்டுவந்து வைத்தாள். "என்னடீ, இன்னும் அந்தத் தாளையே அமுக்கிண்டிருக்கே?"

"நேக்குப் பேடியா இருக்கும்மா, பயமா இருக்கு. வேற ஏதாவது வாசிக்கச் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லமாட்டா. பாக்கியெல்லாம் அங்க போய்ப் படிச்சுக்கலாம்."

மூன்று வாரமாகப் படித்துப் பார்க்காமலா இருந்தாள்? மலையாளச் சாயல் உள்ள எழுத்துகள் மட்டும் மனதில் ஒட்டின. மற்றவை காலையில் வந்து சாயங்காலம் போயின.

அழைப்பு வந்தது. ஒரு சதுரத்தில் சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் கிருஷ்ணபிரசாத், இன்னொன்றில் மொரீஷியஸ் வகுப்பறை. ஸாதனா சுவரைப் பார்த்துக் கதையை வாசித்தாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"அருமைங்க, என்ன சரளம்!" என்றார் கிருஷ்ணபிரசாத். அவள் சாயாவை எடுக்கக் கை நீட்டினாள். "ஒரு நிமிஷம். அஞ்சனா உங்களுக்காக ஒண்ணு எழுதி வச்சிருக்கா. அவ எழுதின முதல் தமிழ்ச் சொல். சரியா இருக்கான்னு வாசிச்சுச் சொல்லுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. முன்பல் விழுந்த ஒரு ஏழு வயதுக்காரி கேமராவுக்கு முன்னால் வந்து தாளைத் தூக்கிப் பிடித்தாள். தாள் ஆடியது, எழுத்து கலங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஸாதனாவுக்குத் தோன்றியது. தாள் நின்றது. ஒரு வளைவும் பக்கத்தில் ஒரு காலும். மலையாளத்திலும் ஏறக்குறைய இதே வளைவு, இதே கால், இதே அர்த்தம்.

"வா," என்றாள்.

சிறுமி குதித்தாள். "சரி? சரி?" என்று தனக்குத் தெரிந்த இன்னொரு தமிழ்ச் சொல்லால் கேட்டாள். தப்பித்தாயிற்று. ஆனால் அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஸாதனாவுக்கு வேறொரு பேடி பிடித்துக்கொண்டது. ஆறு மாதம் தினமும் இவள் இப்படியேதான் கேட்பாள். எதைக் காட்டிக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். இவளும் அதை நம்பிவிடுவாள்.

"சரிதான் மோளே," என்றாள். அஞ்சனா தாளை மறுபடி முகத்துக்கு நேரே பிடிக்க, ஸாதனா கிருஷ்ணபிரசாத்தின் சதுரத்துக்குத் திரும்பினாள். "ஸார், எனக்கு இந்த மாதிரி நாலஞ்சு எழுத்து மாத்ரம்தான் தெரியும். கதையை மலையாளத்துல எழுதிவச்சுண்டுதான் வாசிச்சேன்."

கிருஷ்ணபிரசாத் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தார். திரை நடுவில் வட்டம் சுற்றியது. இணைப்பு எப்போது நின்றது, அவள் சொல்லுமுன்னா, சொன்ன பிறகா? அவர் கேட்டிருந்தால் மொரீஷியஸ் போயிற்று. கேட்காவிட்டால் இன்னொரு முறை சொல்லவேண்டும். அந்தத் துணிச்சல் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சுவரிலிருந்த தாளைப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் அஞ்சனாவின் முகம் தாளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. இரண்டு பக்கமும் சின்ன விரல்கள், நடுவில் கோணலாக, அசையாமல், வா.