ஆறாவது செய்தி

அன்று அந்த அரங்கில் இருந்தவர்களை வரிசைப்படியே எழுதுகிறேன். முதல் வரிசையின் வலது ஓரத்தில் என் மகனோடு வேலை பார்க்கும் ஒலிப்பதிவாளரும் அவர் மனைவியும். அவர்களை அடுத்து நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள். இரண்டாவது வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு தம்பதி. மூன்றாவது வரிசையில், கதவை ஒட்டிய நாற்காலியில், நான். பக்கத்து நாற்காலியில் என் பை. எனக்குப் பின்னால் இருபது பேர் இருக்கலாம். திரும்பிப் பார்த்து எண்ணவில்லை. மேடையில் ஒரு முக்காலி, அதன்மேல் நூலால் கட்டிய கடிதக் கட்டு. மேலே இருந்த உறையின் கையெழுத்து என்னுடையது.

என் மனைவி வரவில்லை. வீட்டில் படுக்கையில் இருந்தாள். பக்கத்தில் அவள் தங்கை.

என் மகன் கார்ட்டூன் படங்களில் வரும் ஒரு கரடிக்குக் குரல் கொடுப்பவன். மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு இந்த மேடையில் ஏறி ஒரு மணி நேரம் சிரிக்க வைப்பான். என்னைப் பற்றியும் பேசுவான் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்ததில்லை. அன்றுகூடப் பார்க்கப் போகவில்லை. பதினோரு வாரத்துக்கு முன் எழுதிய கடிதத்துக்கு ஏன் பதில் இல்லை என்று கேட்கப் போனேன்.

அவன் மேடையேறிக் கடிதக் கட்டைக் கையில் எடுத்ததும் கைதட்டல். "இதெல்லாம் எங்கப்பா எழுதின லெட்டருங்க. வாரத்துக்கு ஒண்ணு. நான் வீட்ல பிரிக்கிறதே இல்ல. படிச்சிட்டு வந்து படிச்சா அது நடிப்பாயிடும். இங்கதான், உங்க முன்னாடிதான் பிரிப்பேன். மாசத்துக்கு ஒண்ணுதான் தீருது, மனுஷன் நாலு அனுப்பிடறாரு. பாருங்க, ஒட்டுகூடப் பிரியல."

உறையைத் தூக்கிக் காட்டினான். ஓரத்தில் நான் சிவப்பு மையில் போட்டிருந்த கோடு தெரிந்தது. அவசரம் என்றால் அப்படி ஒரு கோடு போடுவேன்.

எழுந்து நின்று கத்தியிருக்கலாம். பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தொண்டையைக் கனைத்தான். எனக்கு அப்படி ஒரு கனைப்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு என் குரலிலேயே தொடங்கினான். "அன்புள்ள மகனுக்கு, இங்கு அனைவரும் நலம். உன் நலமறிய அவா. ஒன்று: சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. தண்ணீரும் நின்றுவிட்டது." சிரிப்பு. "இரண்டு: என் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்துவிட்டது. உன் அம்மா நூல் கட்டியிருக்கிறாள். மூன்று: மாடிவீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறார். அது என்னைப் பார்த்தால் மட்டும் குரைக்கிறது." நிறுத்தி, அவன் குரலில், "நாய்க்கு ஆள் தெரியுதுங்க" என்றான். ஒலிப்பதிவாளரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். கெட்ட செய்தியை முதல் வரியில் போடக் கூடாது, படிப்பவனுக்குக் கை நடுங்கும். சின்னச் சின்ன விஷயமாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. அந்தக் கடிதத்திலும் கெட்ட செய்தியை ஆறாவதாகத்தான் எழுதியிருந்தேன்.

"நான்கு: நீ கேட்ட பழைய போர்வை கிடைக்கவில்லை. நீ கேட்காத பழைய போர்வைகள் இரண்டு கிடைத்தன. ஐந்து: நான் பேப்பர் படிக்கும் நாற்காலியில் இப்போது ஒரு பூனை உட்கார்கிறது. நான் நிற்கிறேன்." அரங்கு குலுங்கியது. "ஆறு," என்றான்.

நான் எழுதியிருந்தது இது: உன் அம்மாவின் வயிற்றுவலி வெறும் வலி அல்ல என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம் என்கிறார். போனில் சொன்னால் பதறுவாய் என்று அவள் எழுதச் சொன்னாள். உடனே வரவும்.

அவன் கண்கள் அந்த நான்கு வரிகளின் மேல் போய் வந்ததைப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம்தான். சிரிப்புக்காக நிறுத்துகிறான் என்று நினைத்து முன்னாலிருந்த பிள்ளைகள் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"ஆறு: நீ எடுத்துப்போன குடை என்னுடையது. மழைக்காலம் வருகிறது. குடையை அனுப்பவும். நீ வர வேண்டாம்."

அன்றைய மாலையின் பெரிய சிரிப்பு அதுதான். "ஏழு: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று முடித்துக் கும்பிட்டான். அவன் வாயில் என் குரல் எங்கேயும் பிசிறவில்லை. இரண்டாவது வரிசைக் குழந்தை "கரடி எங்க?" என்று அழுதது. அவன் இறங்கி நேரே கதவுக்கு வந்தான். அப்போதுதான் என்னைப் பார்த்தான்.

மாடிப்படியில் நின்று கேட்டான். "போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. வாரா வாரம் பேசறேனே."

"உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாடா. அவனாப் பேச்சை எடுக்கட்டும், நாமளா எடுக்கக் கூடாதுன்னா."

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"கல்நெஞ்சுக்காரன்னு நினைச்சேன்."

"அம்மா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். ஞாயிறுதோறும் அவன் கரடிக் குரலில் போன் பேசி அவளைச் சிரிக்க வைப்பான். போனை வைத்த பிறகு அவள் என்னிடம், "தெரிஞ்சும் தெரியாத மாதிரி எவ்ளோ நல்லா நடிக்கிறான் பாருங்க, எனக்காக" என்பாள். பதினோரு ஞாயிறும் அதையே சொன்னாள்.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தோம். கட்டிலருகே குனிந்து, "அம்மா" என்றான். அவன் சொந்தக் குரல். அவள் கண்ணைத் திறக்காமல், "யாரு வந்திருக்கா?" என்று தங்கையைக் கேட்டாள்.

"நான்தாம்மா."

"யாருப்பா நீ?"

வருடக்கணக்காக எங்களோடு அவன் ஏதாவது ஒரு குரலில்தான் பேசிக்கொண்டிருந்தான் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது உறைத்தது. தாடையைக் கழுத்தோடு அழுத்திக்கொண்டு, "தேன் இருக்காம்மா, வீட்ல?" என்றான், கரடியாக.

அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா. திருட்டுப்பய. எல்லாம் தெரிஞ்சுகிட்டே எத்தனை வாரம் ஏமாத்தின!"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஆமாம்மா. ஏமாத்திட்டேன்," என்றது கரடி.

ஆறு நாள் அவளிடம் கரடியாகவே பேசினான். தண்ணீர் கொடுத்தது, போர்வையை இழுத்துவிட்டது, வலிக்கிறதா என்று கேட்டது எல்லாம் கரடிதான். ஏழாம் நாள் அவள் இல்லை.

அவன் திரும்பிப் போய் ஒரு மாதமாகிறது. நேற்று ஒலிப்பதிவாளர் போன் செய்தார். "வராரு சார், மைக் முன்னாடி நிக்கிறாரு. வாயத் திறந்தா கரடி வர மாட்டேங்குது. மேடையும் வேணாம்னுட்டாரு. இந்த வாரத்துக்கு மேல தாங்காது சார், வேற ஆளப் போட்டுடுவாங்க."

இன்று காலை எழுத உட்கார்ந்தேன். பழக்கத்தில் கை, "இங்கு அனைவரும்" வரை எழுதிவிட்டது. "அனைவரும்" என்பதை அடித்துவிட்டு, "இங்கு நலம்" என்று மாற்றினேன். பிறகு முதல் தடவையாக ஆசிரியரின் விதியை மீறினேன்.

ஒன்று: நீ அவளிடம் சொன்ன பொய்யை நானும் அந்த அறையில் ஜன்னலைப் பார்த்து நின்று சொன்னேன். அதில் பாதி என்னுடையது. இரண்டு: மாடிவீட்டு நாய் இப்போது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை. மூன்று: பூனை நாற்காலியை விட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டது. நான்கு: கண்ணாடிக்கு மறுபடியும் நூல் கட்டினேன். முடிச்சு அவள் போட்டது போல் வரவில்லை. ஐந்து: உன் சொந்தக் குரலில் ஒரு நாள் என்னோடு பேசு. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. ஆறு என்று எழுதி, எதிரே அவன் சொல்லிக்கொள்ள நான்கு வரி இடம் காலியாக விட்டேன். ஏழு: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.

உறையில் போட்டு முகவரி எழுதினேன். சிவப்புக் கோடு போடவில்லை. பின்பக்கம், "மேடையில் பிரிக்கலாம்" என்று எழுதினேன்.

வெளியே தூறல். குடை உண்மையிலேயே அவனிடம்தான் இருக்கிறது. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தபால் பெட்டிவரை நடந்தேன். ஈரத்தில் ஒட்டின் ஒரு முனை கிளம்பியிருந்தது. அது பிடிக்கும்வரை கட்டை விரலால் அழுத்திக்கொண்டு மழையில் நின்றேன். பிறகு உள்ளே போட்டேன்.