காதை மூடும் குல்லா

இலை உதிரத் தொடங்கியதும் எங்கள் வீட்டுக் கட்டிலில் துணி குவியத் தொடங்கிவிடும். இரண்டு பேர் மிதிக்கும் ஒரு நீளச் சைக்கிளில்தான் நானும் அக்காவும் வேலைக்குப் போகிறோம். எனக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. அக்கா அதே கட்டடத்தின் வாசலறையில் உட்கார்ந்து, வரும் தொலைபேசி அழைப்புகளை உரிய இடத்துக்கு மாற்றிவிடுகிறாள். அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. அதனால் முன்னால் உட்கார்ந்து வழி பார்ப்பது என் பொறுப்பு, பின்னால் உட்கார்ந்து பலமாக மிதிப்பது அவள் பொறுப்பு. உண்மையில் மிதிக்கிறாளா, சும்மா காலை வைத்துக்கொண்டு வருகிறாளா என்பது பாலத்து ஏற்றத்தில்தான் தெரியவரும். பெரும்பாலும் காலை வைத்துக்கொண்டுதான் வருவாள்.

குளிரில் சைக்கிளுக்கு உடுத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாசலில் நிற்கும்போதே இதமாக இருந்தால் அதிகம் போட்டுக்கொண்டுவிட்டோம் என்று பொருள். பாதி வழியில் வியர்த்து, அந்த ஈரமே அப்புறம் பல்லைத் தந்தியடிக்க வைக்கும். எதிர்காற்று எனக்குத்தான் என்பதால் சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வேன். அக்காவுக்கு என் முதுகே மறைப்பு. மெல்லிய ஸ்வெட்டரும் தடித்த கையுறையும் போதும். இதிலெல்லாம் எங்களுக்குள் சண்டை இல்லை. சண்டை கழுத்துக்கு மேலேதான்.

போன குளிர்காலத்தில் அக்காவுக்குக் காதில் சீழ் வைத்துப் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் கேட்பது குறையலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். குளிர்காற்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். அந்தப் பத்து நாளும் வீட்டில் அவள் சுவரைத் தடவித் தடவி நடந்ததைப் பார்த்தவள் நான். அதனால் இந்த வருடம், கழித்துப்போட்ட ஆஸ்பத்திரிக் கம்பளியை வெட்டி, காதுப் பக்கம் இரட்டையாக மடித்து ஒரு குல்லா தைத்தேன்.

அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். தலைக்கு மட்டும் ஒன்று தைத்துக் கொடு, காது வெளியே இருக்கட்டும் என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"காதும் போச்சுன்னா உனக்கு என்னக்கா மிச்சம்?"

"அதையேதான் நானும் கேக்கறேன். அதையும் நீ மூடிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்றேன். சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியவே தனக்குக் காது வேண்டும் என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. ஆகவே குல்லா போடாவிட்டால் சைக்கிளை எடுக்கமாட்டேன் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இரவு முழுக்க வேலை பார்த்தவர் வாசலறையில் அவளுக்காகக் காத்திருப்பார். அது அவளுக்குத் தாங்காது. போட்டுக்கொண்டாள். ஆனால் பாதிக் காது வெளியே இருக்கும்படிதான்.

ஆற்றோரச் சாலையில் திரும்பியதும் பனிமூட்டம் எங்களை விழுங்கியது. அப்படி ஒரு பனியை நான் பார்த்ததேயில்லை. முதலில் தெருவிளக்குகள் போயின, பிறகு சாலையின் ஓரம், பிறகு என் முன்சக்கரம். இடப்பக்கம் கிடங்குகளின் நீளச் சுவர், வலப்பக்கம் ஆறு. பின்னாலிருந்து எந்த நிமிடமும் வண்டி வரலாம், நின்றாலும் ஆபத்து. பிரேக்கைப் பிடித்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்குக்கா."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. அக்கா மெல்லச் சிரித்தாள். குல்லாவைக் கழற்றி மடித்துப் பையில் வைக்கும் ஓசை கேட்டது.

"எனக்குத் தினமும் அப்படித்தான். மெதுவா மிதி. நான் சொல்றப்பல்லாம் மணியடி."

மணியடித்தேன். சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இப்படியே போ என்றாள். மறுபடி அடித்தேன். சுவர் முடிந்துவிட்டது, இது சந்து, ஆறு எண்ணு, சுவர் திரும்ப வரும் என்றாள். எண்ணினேன். கைப்பிடியின் நுனி சுவரை லேசாக உரசியது. கன்னத்தில் சில்லென்று படுகிறது, சாலை இறங்கப்போகிறது என்றாள். இறங்கியது. நான் தினமும் கடக்கிற சாலைதான். அதில் அத்தனை சந்துகள் இருப்பதும், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூச்சுவிடுவதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பயம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

இன்னொரு முறை மணியடித்தேன்.

"நிறுத்து," என்றாள். குரல் உயரவில்லை.

நின்றேன். எதிரில் வெறும் வெள்ளை.

"மணிச் சத்தம் முகத்துல வந்து அடிக்குது. முன்னாடி ஏதோ பெருசா நிக்குது."

இறங்கி, கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது எட்டில் விரலில் இரும்பு பட்டது. விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்கதவு, என் நெஞ்சு உயரத்தில். நெஞ்சில் மடித்து வைத்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் இதயம் அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். அக்கா தரையில் காலூன்றி, முகத்தைச் சற்றே உயர்த்தி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். பனியில் எனக்கு அவளைத் தெரியவில்லை. என்னைத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும், காலடி ஓசையில். பதினோரு வருடமாக நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மருத்துவமனை வாசலில் அவள் காதுகள் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன. இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கையை எடுடி," என்றாள். "உள்ள போன் அடிக்குது."

மறுநாள் அதைவிடக் குளிர். ஆனால் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. நான் குல்லாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. அதை அலமாரியின் அடியில் திணித்தாயிற்று. அக்கா வாசலில் நின்று முகத்தை உயர்த்தினாள். தூரம் வரை தெரிகிறதா என்று கேட்டாள். பாலத்து விளக்கு வரைக்கும் தெரிகிறது என்றேன்.

"அப்ப அந்தக் குல்லாவைக் குடு."

வேண்டாம் அக்கா, உன் இஷ்டம்போல் இரு என்றேன்.

"நீ பாக்கற அன்னிக்கு நான் எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கணும்? குடுடி."

காது முழுக்க இழுத்து மூடிக்கொண்டாள். ஆற்றோரச் சாலையில், லாரி நின்ற இடத்தைத் தாண்டும்போது ஏதோ சொன்னேன். பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். அதற்கும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. பார்வையும் இல்லாமல், ஓசையும் இல்லாமல், என் முதுகை மட்டும் நம்பி ஒருத்தி பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நேற்று நான் லாரி வரைக்கும் அவளை நம்பினேன். அவள் இன்று வழி முழுக்க நம்புகிறாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். சாலையில் ஒரு கல்லைக்கூட விடாமல் பார்த்து ஓட்டினேன்.

பாலத்து ஏற்றம் வந்தது. மூச்சுப் பிடித்து மிதிக்கத் தயாரானேன். அதற்குள் பெடல் என் காலுக்கடியில் தானாகவே சுற்றியது. அக்கா மிதித்துக்கொண்டிருந்தாள்.