அளவுக்கம்பி இல்லாத கார்

சாவகச்சேரி நீதிமன்றத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். கூண்டில் ஏறுகிற சாட்சிகளுக்குச் சத்தியம் சொல்லிக் கொடுப்பதும் என் வேலைகளில் ஒன்று. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லமாட்டேன் என்று எனக்குப் பின்னால் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே புளுகத் தொடங்குகிறவர்களை நாளுக்கு நாலு பேராவது கண்டிருப்பேன். பென்சனுக்கு வந்து நாலு வருடமாகியும் ஒருவரையும் இலேசில் நம்ப எனக்கு மனம் வருவதில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் மகள் நிவேதனா நக்கலடிப்பாள். இருட்டுக்குள் பேய் இல்லையென்று அவள் என்ன போய்ப் பார்த்துவிட்டா வந்தாள்?

கொடிகாமத்தில் கராஜ் வைத்திருக்கும் கீர்த்திகனை அவள் தானாகத்தான் தேடிக் கட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நான் அவனைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்தேன். குடி இல்லை, கடன் இல்லை, பழைய காதல் இல்லை. ஒரு குற்றமும் அகப்படாததுதான் எனக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. குற்றமே இல்லாத மனுசன் எங்கே இருக்கிறான்? நன்றாக ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். நான் விசாரித்தது மகளின் காதுக்குப் போய், இரண்டு வருடம் அவள் என் படலையைத் திறக்கவில்லை.

பிறகு அவளுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. ஏழாம் மாதத்தில் போன் எடுத்தாள்.

"அம்மா, பிள்ளைப்பேறுக்கு உங்களிட்டைத்தான் வர ஆசையா இருக்கு. ஆனா ஒண்டு. அவரை நீங்கள் நம்போணும். இனியும் அவரைப் பற்றி ஆரிட்டையாவது விசாரிச்சியள் எண்டால் நான் வரமாட்டன்."

"ஓம் பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்வது? கணவர் போன பிறகு அந்த வீட்டில் நானும் சுவர்ப்பல்லியும்தான். அன்றைக்கே அவளுடைய அறையைக் கழுவி, கட்டிலை யன்னலோரம் இழுத்துப் போட்டேன். முதல் பிள்ளை தாய் வீட்டில்தான் கண் விழிக்க வேண்டும். அதை இழக்க நான் தயாராக இல்லை.

அந்த நேரம் பார்த்து என் கார் கியர் மாறும்போது இடித்து இடித்துப் போகத் தொடங்கியது. தானாகக் கியர் மாறுகிற சின்ன ஜப்பான் கார். கியர் ஒயில் மாற்ற வேண்டும் என்றார்கள். நம்பிக்கையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நேரே கீர்த்திகனிடமே கொண்டுபோனேன்.

அவன் காரை நாலு பக்கமும் மட்டமாகத் தூக்கி வைத்துவிட்டு அடியில் படுத்தான். பழைய ஒயிலை இறக்கிப் புதியதை விட்டான். முழங்கால் நோவோடு என்னால் குனிந்து பார்க்க முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய இரண்டு பாதங்களும்தான்.

"ஒயில் கணக்கா நிக்குதோ எண்டு பாக்கிற கம்பியைக் காட்டும். நானே இழுத்துப் பாக்கிறன்" என்றேன்.

"உந்தக் காரிலை கம்பி இல்லை, மாமி."

"கம்பி இல்லாமல் கார் செய்வினமோ?"

"இப்பத்தையான் கனக்கக் கார் உப்பிடித்தான். அடியிலை ஒரு போல்ட் இருக்கு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஒயில் கைச்சூட்டுக்கு வரேக்கை அதைக் கழட்டோணும். கூட இருக்கிறது வெளியிலை வழியும். நூலா வந்து பிறகு சொட்டாகினால் அளவு சரி."

"எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தால் என்ன?"

"நிப்பாட்டினால் மேலை சுத்திக்கொண்டிருக்கிற ஒயிலும் கீழை இறங்கியிடும். அப்ப திறந்தால் இருக்க வேண்டியதும் ஓடிப்போகும். கனக்கச் சூடாகினாலும் உதே கதைதான்."

பதில் என்னவோ நேராகத்தான் இருந்தது. நேரான பதிலுக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். ஒத்திகை பார்த்த சாட்சிதான் தடுமாறாமல் பேசும். பழைய ஒயிலை ஒரு பிளாஸ்டிக் கானில் ஊற்றித் தந்தான். கறுப்பாக இருந்தது. என் காரின் ஒயில்தான் என்று அதில் எழுதியா இருக்கிறது? நூலாக வழிந்து சொட்டாவதைப் போனில் படம் பிடித்தும் அனுப்பினான். எல்லாக் காருக்கும் அடிவயிறு ஒன்றுதானே. யாருடைய காரின் படமோ என்று நினைத்தேன்.

கார் இப்போது வெண்ணெய் போல ஓடியது. அதோடு நான் விட்டிருக்க வேண்டும்.

விடவில்லை. எட்டு நாள் படுத்தாலும் எழுந்தாலும் அந்தப் போல்ட்டே நினைவாக இருந்தது. கண்ணால் காணமுடியாத இடத்தில் ஒருவன் என்ன செய்கிறான் என்பதில்தானே அவனுடைய குணம் தெரியும்? இதில் களவு செய்கிறவன் என் பிள்ளையையும் ஏய்ப்பான். கொடிகாமத்திலோ சாவகச்சேரியிலோ கேட்டால் கதை பறந்துவிடும் என்று, வெயிலில் ஒரு மணித்தியாலம் ஓடி, சண்டிலிப்பாயில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே கோபிசங்கர் என்றொருவர் இருந்தார்.

"கியர் ஒயில் சரியா நிக்குதோ எண்டு மட்டும் பாத்துச் சொல்லும்" என்றேன்.

அவர் காரைத் தூக்கினார். எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியதை நான் கண்டேன். கீர்த்திகன் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம் இருந்தது. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வேண்டியிருந்தது தீர்ப்பு. அது எந்த வழியால் வந்தாலும் சரி என்றிருந்தேன்.

போல்ட் கழன்றதும் ஒயில் நூலாக வரவில்லை, மழைக்குக் கூரைப் பீலியால் விழும் தண்ணீர் போல ஊற்றியது.

"ஆரோ அள்ளி ஊத்தி விட்டிருக்கிறாங்கள், அம்மா. உது பழகாத கை" என்றார் கோபிசங்கர். அடியில் வைத்த தட்டு அரைவாசி நிரம்பிய பிறகு பூட்டினார்.

வீட்டுக்கு வரும்போது எனக்கிருந்த சந்தோசத்தைச் சொன்னால் வெட்கம். பிடித்துவிட்டேன்! களவு இல்லாவிட்டால் கவனயீனம், ஏதோ ஒன்று பிடிபட்டுவிட்டது. மகளுக்குச் சொல்ல முடியாதே என்பதுதான் ஒரே கவலை. அடுத்த நாட்களில் கார் புறப்படும்போது கொஞ்சம் சோம்பியது. அதற்கும் அவனைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

மற்றக் கிழமை நிவேதனாவை யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். எட்டாம் மாதம். கைதடிச் சந்தியில் ஒரு லொறிக்கு இடம் விட்டு நின்று, திரும்ப அழுத்தினால் எஞ்சின் உறுமுகிறது, கார் அசையவில்லை. பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டுப் பிரேக் பிடித்தது. நிவேதனா வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கத்தினாள். பஸ் அடிக்கவில்லை, ஒரு முழம் தள்ளி நின்றது. சனம் காரைத் தள்ளி ஓரத்தில் விட்டது. கொதிக்கிற வெயிலில் நின்று அழுத என் பிள்ளையை ஓட்டோ ஒன்றில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தேன்.

கீர்த்திகன் காரைக் கட்டியிழுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்தான். முகம் வெளிறியிருந்தது. முதலில் மனைவியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"ஒயில் ஒண்டரை லீற்றருக்கு மேலை குறைவு, மாமி. ஒழுக்கும் ஒரு இடமும் இல்லை. வேறை ஆரிட்டையும் குடுத்துத் திறந்து பாத்தனீங்களோ?"

நிவேதனா என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் அந்த அறையும் கட்டிலும் பிள்ளையும் எல்லாம் தொங்கிக்கொண்டு நின்றன.

"இல்லை. நான் ஒருத்தரிட்டையும் போகேல்லை" என்றேன். குரல் நடுங்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பொய்யைக் கேட்டுப் பழகியவளுக்கு ஒன்றைச் சொல்லவும் தெரிந்திருந்தது.

அவன் நிவேதனாவின் வயிற்றைப் பார்த்தான்.

"அப்ப பிழை என்ரைதான். கணக்கா விடாமல் பூட்டிப்போட்டன்" என்றான்.

நிவேதனா வெடித்தாள். "ஊராற்றை காருக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செய்யிறியள். என்னையும் பிள்ளையையும் நடுறோட்டிலை சாக விட்டிட்டியளே! நான் இனி உங்கை வரேல்லை. அம்மாவோடை நிக்கிறன்."

அவன் ஒரு மறுப்பும் சொல்லாமல் போனான். நான் நினைத்தது ஒரு மாதம் முந்தியே கிடைத்துவிட்டது. மகள் என் வீட்டில், நான் போட்ட கட்டிலில். ஆனால் அவள் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் நாள்தோறும் பின்னேரம் மாதுளம்பழமும் கையுமாக வந்து படலையடியில் நின்றான். அவள் முகம் காட்டவில்லை. பழத்தை என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீர் ஏன் உம்மடை பிழை எண்டு சொன்னனீர்?" என்று படலையில் வைத்தே கேட்டேன்.

அவன் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "போல்ட்டிலை வேறை ஸ்பானர் பட்ட காயம் கிடந்தது. எங்கடை கராஜ்காரற்றை வட்ஸ்அப் குறூப்பிலை விசாரிச்சன். அண்டைக்கு நான் உங்களிட்டை வரமுதலே சண்டிலிப்பாய்க் கோபி அண்ணை போன் எடுத்துச் சொல்லிப்போட்டார்."

"தெரிஞ்சுகொண்டே ஏன்?"

"நீங்களா சொல்லுவியள் எண்டு பாத்தன். சொல்லேல்லை. நான் சொல்லியிருந்தால் அவ இஞ்சை பிள்ளைப்பேறுக்கு நிக்கமாட்டா. தாயோடை நிக்கோணும் எண்டு அவவுக்கு எவ்வளவு ஆசை தெரியுமோ, மாமி? என்னோடை கோவிச்சால் எப்பிடியும் ஆறுவா."

இதைக் கேட்டதும் என் மனதில் முதலில் என்ன வந்தது தெரியுமா? நன்றியில்லை, வெட்கமுமில்லை. இவன் எதற்கு அடிபோடுகிறான் என்ற யோசனைதான் வந்தது. வீட்டை எழுதி வாங்கவா? பின்னுக்கு என்னை ஆட்டிப்படைக்கவா? கூண்டில் நிற்கும் ஆளைத் துருவுவது போல அவன் முகத்தைத் துருவினேன். நாலு நாள் நித்திரையில்லாத முகம். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பிறகுதான் எனக்கு என்னையே அருவருத்தது.

அவன் போனதும் உள்ளே போய் மகளுடைய கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். சண்டிலிப்பாய், நிறுத்திய எஞ்சின், நான் சொன்ன பொய், அவன் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. உடுப்புகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

"ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ, அம்மா."

"ஓட்டோ குலுக்கும். நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

அவன் திருத்திக் கொண்டுவந்து விட்டிருந்த கார் ஒரு இடியும் இல்லாமல் ஓடியது. கராஜுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டு வாசலை நான் ஒருநாளும் மிதித்ததில்லை. சத்தம் கேட்டுக் கீர்த்திகன் ஓடி வந்தான். அவள் இறங்கி, கராஜில் நின்ற எல்லோர் முன்னாலும் அவன் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அவன் ஒயில் பட்ட கைகளை அவளில் முட்டாமல் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நான் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

"பிள்ளை, பேரப்பிள்ளையைப் பாக்க நான் வரலாமோ?"

"அதை அவரைக் கேளுங்கோ" என்றாள் நிவேதனா.

யாரிடமும் ஒன்றும் கேட்டுப் பழகாதவள் நான். "வரலாமோ, தம்பி?" என்றேன்.

அவன் காருக்குக் கிட்ட வந்து குனிந்தான். சிரிப்பு வரப் பார்த்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு நாளும் வாங்கோ, மாமி. நான் பிள்ளையைச் சரியாத் தூக்கி வைச்சிருக்கிறனோ எண்டு மட்டும் சண்டிலிப்பாயிலை போய்க் கேட்டுப்போடாதேங்கோ."

"கேக்கமாட்டன்" என்றேன். சொல்லி முடிக்க முதலே, இந்தக் கிழவி அதைக் காப்பாற்றுவாளா என்று என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.