எழுபத்தாறு பேர் இருந்த பத்திரிகை

ராஜபாளையத்தில் ஐயாதுரையின் அச்சகம் காலை பத்து மணிக்குத் திறந்தது. திறந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்த சமுத்திரம், சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் பேர்களைச் சொல்லச் சொல்ல, ஐயாதுரை கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே இருந்தார். கல்யாணப் பத்திரிகை அதற்குள் ஆறு பக்கத்தைத் தாண்டியிருந்தது.

சமுத்திரம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் அவர் தங்கை யோகேஸ்வரியின் மகள் அனுசியாவுக்கு. மாப்பிள்ளை கௌதம்ராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் சூப்பர்வைசர். தங்கையின் கணவர் ஆண்டிச்சாமி, அனுசியாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். ஆகவே இது தாய்மாமன் முன்னின்று நடத்தும் கல்யாணம். மண்டபத்தையும் சமையலையும் பற்றி யார் யோசனை சொன்னாலும் காது கொடுத்துக் கேட்ட சமுத்திரம், பத்திரிகையை மட்டும் யார் கையிலும் விடவில்லை.

சொந்தக்காரர்களும் அவரைச் சும்மா விடவில்லை. ஒருவர் தன் பேருக்குப் பின்னால் பி.ஏ. போடச் சொன்னார். அது தெரிந்ததும், பி.ஏ.வில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்த அவர் மச்சினனும் அதையே கேட்டார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள், ஒரே பக்கத்தில் பேர் வந்தால் கல்யாணத்துக்கே வர மாட்டோம் என்றார்கள். அவர்களுக்காகவே ஒரு பக்கம் கூடியது. குடும்பத்தில் மூத்தவரான மகாராஜபுரம் சோலைச்சாமி, தன் பேர் முதலில் வர வேண்டும், எழுத்தும் தடிமனாக இருக்க வேண்டும் என்று ஆளனுப்பியிருந்தார். எல்லாம் முடிந்து எண்ணிப் பார்த்தால் எழுபத்தாறு பேர்.

ஐயாதுரை முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, எல்லாரும் வந்துட்டாக. பொண்ணோட அம்மா பேரை எங்க போட?"

சமுத்திரம் குரலைத் தணித்துக்கொண்டார். "அது வேண்டாம் ஐயாதுரை. தாலி அறுத்தவ பேரு நல்ல காரியத்துல முன்னால வரக்கூடாதுன்னு மகாராஜபுரத்துப் பெரியப்பா சொல்லிட்டாரு. தெய்வத்திரு ஆண்டிச்சாமி மகள்னு மட்டும் போடு. நல்லாப் பெருசாப் போடு."

ஐயாதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சமுத்திரம் சொன்னபடியே அடித்துவிட்டார்.

பத்திரிகைக் கட்டு வீட்டுக்கு வந்ததும் அனுசியா எட்டுப் பக்கத்தையும் இரண்டு தரம் புரட்டினாள். அம்மா பேர் எங்கே என்று மாமாவிடம் நேராகவே கேட்டாள். பதில் யோகேஸ்வரியிடமிருந்து வந்தது. ஊர் வழக்கம் எதுவோ அதுதானே நடக்கும், இதற்கெல்லாம் மாமாவை எதிர்த்துப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினை ஓட்டத் தொடங்கினாள். ஆனால் அனுசியாவின் சிநேகிதிகளுக்கென்று ஒதுக்கிய கட்டு பிரிக்கப்படாமல் பீரோ மேலேயே கிடந்தது.

மறுநாள் சமுத்திரம் மனைவி பேச்சியம்மாளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பத்திரிகை வைக்கக் கிளம்பினார். முதல் வீடு சேத்தூரில் இருளப்பசாமி வீடு. குங்குமம் கொடுத்து, தாம்பாளத்தில் பத்திரிகையை நீட்டியதும் இருளப்பசாமி கண்ணாடியை மாட்டிப் படித்தார். 'தெய்வத்திரு' என்ற எழுத்தைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அடப் பாவமே, எப்ப தவறுனாரு? தாக்கல் ஒண்ணும் வரலையே."

இது கல்யாணப் பத்திரிகை என்று சமுத்திரம் பதறிச் சொன்னார். அப்படியானால் யார் இந்த ஆண்டிச்சாமி என்று இருளப்பசாமி கேட்டார். சமுத்திரம் ஆண்டிச்சாமியின் அப்பா பேர், தாத்தா பேர், அவர் வேலை பார்த்த மில் என்று வரிசையாகச் சொல்லியும் அவருக்குப் பிடிபடவில்லை. இறந்து இருபத்திரண்டு வருசமான மனிதரை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கடைசியில் பேச்சியம்மாள்தான் பொறுமையிழந்து, டெய்லர் யோகேஸ்வரி மகளுக்குக் கல்யாணம் என்றாள்.

அடுப்படியிலிருந்து இருளப்பசாமியின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "நம்ம யோகேஸ்வரி பிள்ளைக்கா? இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? அவ தச்ச ரவிக்கையத்தான் போட்டுருக்கேன்."

அன்று போன வீடுகளிலெல்லாம் இதே கதைதான். ஆண்கள் பத்திரிகையை வாங்கியதும் தங்கள் பேரைத் தேடினார்கள். கிடைத்ததும் மடித்து வைத்துவிட்டு, ஆமாம், கல்யாணம் யாருக்கு என்று கேட்டார்கள். பெண்களுக்கோ யோகேஸ்வரி பேரைச் சொன்னால் போதும். அவள் கணவனைப் பறிகொடுத்த வருசம் ஒரு பழைய மிஷினோடு தொழிலை ஆரம்பித்தவள். ராஜபாளையத்திலும் சுற்று வட்டாரத்திலும் அவளிடம் அளவு கொடுக்காத வீடு குறைவு. சாயங்காலம் ஆவதற்குள் சமுத்திரம், வாசலில் கால் வைக்கும்போதே டெய்லர் யோகேஸ்வரி மகள் கல்யாணம் என்று சொல்லப் பழகிவிட்டார்.

திரும்பும் வழியில் பேச்சியம்மாள் அவர் காதருகே கேட்டாள். "வீட்டுக்கு வீடு வாயால சொல்றதைத்தான் அச்சடிச்சிருக்கலாம்ல?"

காற்றில் கேட்காத மாதிரி சமுத்திரம் வண்டியை முறுக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஒரு இளம் தம்பதி வந்து நின்றார்கள். ஜூடி என்றும் செல்வின் என்றும் சொன்னார்கள். ஜூடி, கௌதம்ராஜ் வேலை பார்க்கும் ஷோரூமில் கேஷியர். சர்ச்சில் ஆராதனை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நேராக பஸ் ஏறி வந்திருந்தார்கள். கையில் ஒரு பட்டுச் சேலைப் பெட்டி. ஷோரூமில் எல்லோரும் சேர்ந்து வாங்கியது என்றாள். மாப்பிள்ளை பத்திரிகை வைக்க லீவில் அலைந்துகொண்டிருந்ததால் அவனுக்கு இது தெரியாது.

"தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை. நாங்கதான் செய்யணும்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணோம். இன்னைக்கு ஆராதனையிலகூட அனுசியாவுக்காக ஜெபம் பண்ணச் சொன்னேன்" என்று சொல்லும்போதே ஜூடிக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே கழுத்தில் இன்ச் டேப்போடு நின்ற பெண்ணைப் பார்த்து, "நீங்க அவிய சித்தியா?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா அனுசியாவோட அம்மா" என்றாள் யோகேஸ்வரி.

ஜூடி கணவனைப் பார்த்தாள். செல்வின் தன் செருப்பைப் பார்த்தான். கௌதம்ராஜ் ஷோரூமில் கொடுத்த பத்திரிகையை முழுக்கப் படித்ததாகவும், எழுபது எண்பது பேர் இருந்தும் அம்மா பேர் மட்டும் இல்லாததால் தப்பாக நினைத்துவிட்டதாகவும் ஜூடி திக்கித் திணறிச் சொன்னாள். யோகேஸ்வரி சிரித்து அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள். சேலை நிறம் அனுசியாவுக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். அவர்கள் போகும்வரை அவள் முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. சமுத்திரத்துக்குத்தான் உட்கார்ந்த நாற்காலி முள்ளாகக் குத்தியது.

அவர்கள் போனதும் யோகேஸ்வரி மிஷினில் உட்கார்ந்தாள். செத்த நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினாள். ரவிக்கைக் கையை உள்புறம் வெளியே வர மாற்றி வைத்துத் தைத்திருந்தாள். பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தபடி, தலை நிமிராமல் பேசினாள்.

"நான் உசுரோட இருக்கேன்னு அந்தப் பிள்ளைக்கு நானே சொல்ல வேண்டியதாப் போச்சுண்ணே."

கண்டக்டர் வேலையில் சமுத்திரம் எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறார். ஒரு சொல்லும் இப்படி நெஞ்சில் தைத்ததில்லை.

திங்கட்கிழமை ஐயாதுரை வந்து கதவைத் தூக்குவதற்கு முன்பே சமுத்திரம் அச்சக வாசலில் நின்றார். எழுபத்தாறு பேரையும் எடுத்துவிடச் சொன்னார்.

"உங்க பேருமா அண்ணாச்சி?"

கொஞ்சம் யோசித்தார். "எம் பேரும்தான்."

புதுப் பத்திரிகை ஒரே தாளில் முடிந்துவிட்டது. மணமக்கள் பேர், நாள், நேரம், மண்டபம், கீழே 'தங்கள் வருகையை விரும்பும் யோகேஸ்வரி'. அதைப் பார்த்ததும் அனுசியா கையோடு ஐம்பது எடுத்துக்கொண்டு போனாள். யோகேஸ்வரிதான் பயந்தாள். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றாள். பேசுகிற இடத்துக்கே முதலில் போவோம் என்று சமுத்திரம் அவளையும் பேச்சியம்மாளையும் அழைத்துக்கொண்டு மகாராஜபுரத்துக்கு பஸ் ஏறினார்.

யோகேஸ்வரி தயங்கி நீட்டிய தாளைச் சோலைச்சாமி முன்னும் பின்னும் திருப்பினார். தன் பேர் எங்கும் இல்லை. முகம் கறுத்துவிட்டது. கல்யாணத்துக்கு யார் கூப்பிடுவது என்ற முறை கூடவா தெரியாமல் போய்விட்டது என்று கேட்டார். இந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வேண்டுமானால் பேச்சியம்மாள் தன் கையால் மறுபடி கொடுக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன் என்றார். யோகேஸ்வரி ஓரடி பின்னால் நகர்ந்தாள். பேச்சியம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

சமுத்திரம் பேசினார். "பெரியப்பா, இருவத்திரண்டு வருசம் தனியாளா மிஷின் மிதிச்சு இந்தப் பிள்ளைய வளத்தவ இவ. புருசன் செத்தது இவ செஞ்ச குத்தமில்ல. அதுக்காக இவளையும் செத்தவளாக்குனது நான் செஞ்ச குத்தம். யாரு யாரு பெரிய மனுசன்னு காட்டுறதுக்குப் பத்திரிகை அடிக்கக் கூடாது. பெத்து வளத்தவ நாலு பேரைச் சந்தோசமாக் கூப்புடத்தான் பத்திரிகை. அவ கூப்புட்டா ஆகாதுன்னா, நாம வாழ்த்துனாலும் ஆகாது."

சோலைச்சாமி கையிலிருந்த தாளை மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி, இவ்வளவு யோசிக்க இதில் என்ன இருக்கிறது என்று குரல் கொடுத்தாள். கிழவர் எழுந்தார். தாளை யோகேஸ்வரியிடம் நீட்டினார்.

"நீயே குடு தாயி. முறையாக் கூப்புடு."

யோகேஸ்வரி அதை வாங்கித் தாம்பாளத்தில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "எம் மகளுக்குக் கல்யாணம் பெரியப்பா. எல்லாரும் முன்னால வந்து நடத்திக் குடுங்க" என்றாள். கணவன் போனபிறகு ஒரு நல்ல காரியத்துக்கு அவள் தன் வாயால் ஒருவரை அழைத்தது அதுதான் முதல் தரம்.