பச்சையாகிப்போன நெபுலா

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வானியல் சங்கத்தில் மட்டும் மூச்சுவிடவில்லை. வண்ணமே தெரியாதவனுக்கு வானத்தைப் படமெடுக்க என்ன யோக்கியதை என்று எவனாவது கேட்டுவிட்டால்?

என் கேமரா கருப்பு வெள்ளையில்தான் எடுக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஃபில்டர்களை மாற்றி மாற்றி வைத்து எடுத்து, கணினியில் சேர்த்தால் வண்ணப்படம். போன மாதம் துடைத்து மாட்டும்போது சிவப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டன. எனக்கு எப்படித் தெரியும்? சங்கக் கூட்டத்தில் நான் எடுத்த நெபுலா, அதாவது வானத்து வாயு மேகம், திரையில் வந்ததும் அத்தனை பேரும் சிரித்தார்கள். சிவக்க வேண்டியது பச்சைப்பசேல் என்று இருந்ததாம்.

வந்த வேகத்தில் கேமராவைப் பெட்டியில் போட்டு ஒட்டினேன். "வித்துடறேன். இந்தச் சனியனே வேண்டாம்!"

மனைவி உடனே அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். மச்சான் அச்சகத்தில் வண்ணம் சரிபார்க்கிறவர். போயும் போயும் அவரிடமா சொல்வது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலை ஒரு சின்ன டப்பாவோடு வந்தார்.

"என்ன மாப்ள, வானத்துல புல்லு முளைக்க வச்சியாமே?"

"கிண்டல் பண்ணத்தான் வந்தீங்களா?"

"பின்ன? இந்தா பிடி, ஹைட்ரஜன் ஃபில்டர். கடைக்காரரை ஒரு மணி நேரம் குடைஞ்சு வாங்கினேன். நெபுலாவுல ஹைட்ரஜன் விடுற அந்த ஒரு சிவப்பு வெளிச்சத்தை மட்டும்தான் உள்ள விடுமாம். எதோடயும் சேர்க்க வேண்டாம்."

"படம் கருப்பு வெள்ளையால்ல வரும்?"

"வரட்டுமே! எங்க அச்சகத்துல எந்த வண்ணப்படத்தையும் முதல்ல கருப்பு வெள்ளையாத்தான் பிரிச்சுப் பார்ப்போம். அதுல தேறலைன்னா எவ்ளோ மை கொட்டினாலும் தேறாது."

அரைமனதாகத்தான் பெட்டியைப் பிரித்தேன். அடுத்த ஞாயிறு, எடுத்த படத்தைக் கணினியில் அவருக்குக் காட்டினேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார்.

"ஓரத்துல நூல் மாதிரி ஒண்ணு ஓடுதே, தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்குக் கீழ, லேசா, புகை மாதிரி?"

"தெரியுது மச்சான்."

"அப்ப சரி. நான் பாக்குறதத்தான் நீயும் பாக்குறே."

நாற்பத்தொரு வயதில் ஒருவர் என்னிடம் இதைச் சொல்வது முதல் தடவை. நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுதுவிட்டேன்.