அணிவகுப்பு பார்க்கப் போன ஆதிலட்சுமி

குடியரசு நாள் அணிவகுப்பில் நடப்பதற்காக ஆதிலட்சுமியின் மகள் செந்தமிழ்ச்செல்வி தில்லிக்குத் தேர்வாகியிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என்சிசி சீருடையை வீட்டில் யாரும் தொடக்கூடாது, தானேதான் இஸ்திரி போட்டுக்கொள்வாள். டிசம்பர் கடைசியில் அவளை முகாமுக்கு ரயிலேற்றிவிட்டுச் சென்னையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே ஆதிலட்சுமி கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"நாமளும் போயிப் பாத்துட்டு வந்துடணும்."

இராமதாஸ் சரி என்றார். போவது எப்படி என்று இருவருக்குமே தெரியாது. திருப்பதிக்கு வடக்கே அவர்கள் போனதில்லை. பஞ்சாலை மூடியபிறகு இராமதாஸ் ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். அவள் அங்கேயே இன்னொரு கம்பெனியில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

குடும்பத்தில் தில்லியைப் பார்த்தவன் அவள் தம்பி காத்தவராயன் ஒருவன்தான். கட்சி ஊர்வலத்துக்காக ஒரே ஒருமுறை போய் வந்தவன். ஆனால் பேச்சைக் கேட்டால் அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி இருக்கும்.

"நீ இன்னாத்துக்குக்கா அலையிற? உள்ள போயி பாக்கறதுக்குப் பாஸு, தங்கறதுக்கு ரூமு, எல்லாம் நான் பாத்துக்கறேன். எம்பி ஆபீசுல நம்ம ஆளு இருக்கறான்."

"ரயில் டிக்கெட்டாவது எடுத்துடட்டுமா?"

"பாஸு எந்தத் தேதிக்குன்னு தெரியாம எப்புடி எடுப்ப? முன்னாடி நடக்கற ஒத்திகைக்குக் குடுத்துட்டான்னா?"

அவள் நம்பினாள். தினமும் வேலை முடிந்து வரும் வழியில் அவன் கடைக்குப் போய் நின்றாள். அவன் தினமும் நாளைக்குப் பேசிவிடுவதாகச் சொன்னான். பொங்கல் வந்தது, போனது. காணும் பொங்கலன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"அந்த ஆளு இப்ப தில்லில இல்லியாம்க்கா. ஊருக்கே வந்துட்டானாம்."

"எப்ப வந்தான்?"

"தீபாவளிக்கே."

ஆதிலட்சுமி கையிலிருந்த சொம்பைத் தரையில் வைத்தாள். பேசினால் என்ன சொல்வோமோ என்று பயந்து எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் என்சிசி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஹவில்தார் நல்ல மனிதர். பாஸ் தன் கையில் இல்லை என்றும், பணம் கட்டும் டிக்கெட்டை தில்லியிலேயே கவுண்டரில் விற்பார்கள் என்றும் சொன்னார். அதுவும் கிடைக்காவிட்டால், அணிவகுப்பு தில்லிச் செங்கோட்டைக்குப் போகும் ரோட்டோரம் பொதுமக்களோடு நின்று பார்க்கலாம். பை, செல்போன் எதுவும் கூடாது. குளிருக்கு நல்ல சால்வை வேண்டும். முகாம் இருக்கும் இடத்தை ஒரு தாளில் இந்தியில் எழுதியும் கொடுத்தார்.

"இத மொதல்லயே இங்க வந்து கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அந்த வார்த்தை வீடு வரும்வரை அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

ரயிலில் இடமில்லை. எந்த வண்டியைக் கேட்டாலும் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை செல்வி முகாமிலிருந்து போன் செய்தபோது ஆதிலட்சுமி அதைச் சொன்னாள். மகளின் குரல் கட்டியிருந்தது.

"பரவால்லம்மா. டிவில பாருங்க."

ஆனாலும் ஆதிலட்சுமி விடவில்லை. தட்கலில் எடுக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். முதல் நாள் விடியுமுன்பே ஸ்டேஷனில் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வரும் நேரத்தில் கவுண்டர்க்காரர் கையை விரித்து, "சர்வர் டவுன்மா" என்றார். சர்வர் வந்தபோது டிக்கெட் தீர்ந்திருந்தது. அடுத்த நாளும் போய் நின்றாள். இருபத்தாறாம் தேதி விடியற்காலை தில்லி போய்ச் சேரும் வண்டியில் ஒரு இடம் கிடைத்தது. ஒன்றே ஒன்று.

இராமதாஸ் கத்தினார். "தனியாவா போவ? பாஷ தெரியுமா உனக்கு?"

"நீங்க வர்றீங்களா?"

"அன்னைக்குக் கம்பெனில கொடியேத்தறாங்க. லீவு தரமாட்டேங்கறான்."

"அப்ப ஒரு டிக்கெட்டு போதும்."

சென்னைவரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான். வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதே எச்சரிக்கைகளைச் சொன்னார்.

இரண்டாம் இரவு ஆக்ரா பக்கம் வண்டி நின்றது. வெளியே ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையாக மூடிக் கிடந்தது. பனிமூட்டம் என்று கைச்சாடையில் சொன்னார்கள். வண்டி ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பொழுது விடிந்து வெயிலும் வந்துவிட்டது. அணிவகுப்பு தொடங்கும் நேரத்தில் ஆதிலட்சுமி ஒரு கடுகு வயலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியை மனதுக்குள் திட்டினாள், சர்வரைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். எதிரே இருந்த பெண் கொடுத்த டீயை வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டாள்.

தில்லியில் இறங்கியபோது மதியம் தாண்டியிருந்தது. முதல் வேலையாக எஸ்டிடி பூத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டாள். அவள் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"பாத்தன் ஆதி. கம்பெனி எதிர்ல டீக்கடை டிவில பாத்தன். நம்ம செல்வி ஓரத்து வரிசையில, என்னா மாதிரி கைய வீசிக்கினு போறா தெரியுமா? கடையில எல்லாருக்கும் காட்டனேன். நீ கிட்டத்துல பாத்திருப்ப."

இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. "செல்வியப் பாத்துட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

ஆட்டோக்காரரிடம் தாளைக் காட்டினாள். அடைத்த சாலைகளைச் சுற்றிச் சுற்றி, முகாம் வாசலுக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. காவலுக்கு நின்றவன் உள்ளே விடவில்லை. பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், மறுபடி பெயரைச் சொன்னாள். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி அந்தப் பக்கம் வந்ததால் செல்வி வெளியே வந்தாள். சீருடையில் இல்லை. ஸ்வெட்டரும் மப்ளருமாக, முகம் வற்றிப்போய் இருந்தாள்.

"ஏம்மா வந்த? வரலன்னு சொன்னியே" என்றாள். சொல்லும்போதே அழத்தொடங்கிவிட்டாள்.

"வண்டி லேட்டுடி. நீ நடக்கறதப் பாக்க முடியலயே."

"நான் நடக்கலம்மா. காய்ச்சல் வந்துது. நாலு நாளு முன்னாடியே வரிசையிலருந்து எடுத்துட்டாங்க. எனக்குப் பதிலா வேற பொண்ணு போனா. போன்ல சொல்ல வாய் வரல."

ஆதிலட்சுமி மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. இத்தனை நாள் யார் யார் மேலோ இருந்த கோபம் இப்போது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது. சால்வையை எடுத்து மகளுக்குப் போர்த்தினாள்.

"ஒரு மாசமா வெயில்ல பனில நடந்தேன்மா" என்றாள் செல்வி. "ஒரு நாளு கூட லீவு போடல."

"தெரியும்டி."

இருவரும் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். பிறகு ஆதிலட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்கப்பா உன்ன டிவில பாத்தாராம். டீக்கடைல எல்லாருக்கும் காட்டனாராம்."

செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "யாரக் காட்டனாரு?"

"யாருக்குத் தெரியும். அப்புடியே இருக்கட்டும், சொல்லவேணாம்."

"இல்லம்மா. நானே சொல்லிடறேன்."

சாலைக்கு எதிரே ஒரு பூத் இருந்தது. செல்வி எண்ணை அழுத்தி, நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். ஆதிலட்சுமியும் ரிசீவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப காய்ச்சல் வுட்டுடுச்சா?" என்று கேட்டார் இராமதாஸ்.

"வுட்டுடுச்சிப்பா."

"அம்மா பக்கத்துல இருக்கறாளா?"

"இருக்கறாங்க."

"அது போதும்" என்றார். பிறகு கேட்டார். "அப்ப அந்தப் பொண்ணு யாரும்மா? நல்லாத்தான் நடந்துது."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகாமுக்கு வந்தபின் அவ்வளவு சத்தமாக அவள் சிரித்ததில்லை.