கதவு திறந்த வீடு

தேவிப்பிரியாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. பம்பைச் சத்தம் பிரேமாவின் மாடி அறை ஜன்னலை அதிர வைக்கிறது. தேவிப்பிரியாவின் மடியில் ஒரு வெள்ளைத்தாள்.

அவளுக்கும் பிரேமாவுக்கும் அனுசுயாவுக்கும் ஒரே வேலை. மனசு அடிபட்டவர்களைப் படம் வரைய வைத்து, வாயில் வராததைக் கையால் சொல்ல வைப்பது. பொதட்டூர்பேட்டை சாலையில் பள்ளி வேன் கவிழ்ந்ததிலிருந்து மூவருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அதனால் மூத்தவளான பிரேமா ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். மாதம் ஒரு ஞாயிறு அவர்களும் வரைய வேண்டும். யார் படத்தில் சோர்வு தெரிகிறதோ அவளுக்குப் பதினைந்து நாள் ஓய்வு. அவள் பார்க்கும் பிள்ளைகளை மற்ற இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.

நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த வேனில் தங்கையைப் பறிகொடுத்த சின்னப் பெண் புவனா, இத்தனை நாள் வாயே திறக்காதவள், நேற்றுதான் தேவிப்பிரியாவிடம் முதல் வார்த்தை பேசியிருந்தாள். "நாளைக்கழிச்சும் வருவியா?" அவளை எப்படி இன்னொருத்தி கையில் கொடுப்பது?

தேவிப்பிரியாவுக்கோ சோறு இறங்குவதில்லை. ஹாரன் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. அது தாளில் தெரிந்துவிட்டால் தீர்ந்தது கதை. எந்தக் கோடு ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்கா தெரியாது? கதவு திறந்த வீடு, வாசல்வரை பாதை, வேர் ஊன்றிய மரம், சிரிக்கும் சூரியன். மனசு நன்றாக இருப்பவள் வரைவதையெல்லாம் கூசாமல் வரைந்து முடித்தாள்.

"ஆச்சா? திருப்புங்க," என்றாள் பிரேமா.

மூன்று தாள்களும் திரும்பின. மூன்றிலும் வீடு. மூன்றிலும் கதவு திறந்திருந்தது. பிரேமாவின் சூரியன்கூட ஈயென்று இளித்துக்கொண்டிருந்தது.

அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நீங்களுமா?"

"ஆங், நானுந்தான். ஒருத்திய வூட்டுக்கு அனுப்பலாம்னு பாத்தா, மூணுமே திருட்டுக் கழுதைங்களா இருக்குதே!"

சிரிக்கத் தொடங்கிய தேவிப்பிரியா அழுதுவிட்டாள். "எனக்குத் தூக்கமே வர்றதில்லக்கா. ஆனா அந்தப் பொண்ணு நாளைக்குக் காத்துகினு இருக்கும். நான் போகலன்னா?"

"போ. தனியா போவாத, அவ்ளோதான். நான் எதிர்க்க டீக்கடைல உக்காந்துகினு இருக்கறேன். முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வா. நான் போறப்ப எனக்கு நீ வந்து உக்காரு."

"எனக்கு?" என்றாள் அனுசுயா.

"உனக்கு நாங்க ரெண்டு பேரும்டி. இப்ப தாளைப் பின்பக்கம் திருப்பு தேவி. நெஜமா வரை. நாங்க பாக்க மாட்டோம்."

தேவிப்பிரியா கறுப்பு கிரேயானை எடுத்து அழுத்தித் தேய்த்தாள். வேகத்தில் தாள் நழுவி நழுவி ஓடியது. இரண்டு பக்கமிருந்தும் இரண்டு கைகள் வந்து அதன் ஓரங்களைப் பிடித்துக்கொண்டன. பிரேமாவும் அனுசுயாவும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்கள்.